சிகாமணி இறங்கி வந்த காலம்

வெள்ளாங்கரை உப்பளத்துக்கு நேர் மேலே, ஆகாயத்தில் ஒரு ஆள் மல்லாந்தபடி விழுந்துகொண்டிருக்கிறான் என்பதை முதலில் பார்த்தவள் அவன் பெண்சாதி தங்கபுஷ்பம்தான். ஆனால் அவள் அதை ஆள் என்று நினைக்கவில்லை, கண்ணில் விழுந்த தூசி என்று நினைத்தாள், நாள் முழுக்க வெயிலையும் வெள்ளையையுமே பார்த்துக்கொண்டிருக்கிற கண்களுக்குக் கரும்புள்ளி ஒன்றும் புதிதில்லையாகையால், முந்தானையால் துடைத்துவிட்டு உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டாள். மறுநாளும் புள்ளி இருந்தது. அதற்கடுத்த கிழமை அதற்குக் கைகால் இருந்தது. பக்கத்துப் பாத்திக்காரிகளுக்கும் அது தெரிந்தபோதுதான் தன் கண்ணில் பழுதில்லை என்று அவளுக்கு நிம்மதி வந்தது.

அளத்து முதலாளி வேதக்கண் கப்பல் பார்ப்பதற்காக ஒரு தூரக்கண்ணாடி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு உப்பு அம்பாரத்தின் மேல் ஏறி நின்று பார்த்தார். இரண்டு பூட்ஸ் அடிகள், காக்கி உடுப்பின் முதுகு, மேல்நோக்கிப் பறக்கிற இரண்டு கைகள், ஒரு பிடரி, இவ்வளவும் தெரிந்தன. முகம் அந்தப் பக்கம் இருந்தது. கண்ணாடி கை மாறிக் கை மாறிக் கடைசியில் தங்கபுஷ்பத்தின் மாமியார் அன்னபாக்கியத்திடம் வந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"ரெட்டச் சுழி. எம் மவன் சிகாமணிதான் இது," என்றாள். "பிளேன்ல போனவன் பின்ன நடந்தா வருவான்?"

கண்ணாடியை முந்தானையில் துடைத்து முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மருமகளைப் பார்த்து, "ஏட்டி, நின்னுட்டே இருக்காத, வேலயப் பாரு. அவன் வாரப்ப வரட்டும்," என்றாள்.

சிகாமணி பனையேறி மகன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரைக்கும் படித்துவிட்டு, படித்த படிப்புக்கு உப்பு மூட்டை எண்ணுகிற வேலைகூட நிரந்தரமாகக் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். சண்டைக்கு ஆள் எடுக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி உயரம் என்றால் பயமா என்று கேட்டதற்கு, பயந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது துரை என்று சொன்னான். அந்த ஒரு பதிலுக்காகவே அவனை எடுத்துக்கொண்டார்கள் என்று ஊரில் பேச்சு. இரண்டே பேர் போகிற குண்டு விமானத்தில் பின் இருக்கை அவனுக்கு. துப்பாக்கியும் கம்பியில்லாத் தந்தியும் அவன் பொறுப்பு. ஒருமுறை விடுப்பில் வந்தவனிடம் பர்மா எப்படி இருக்கிறது என்று எல்லாரும் கேட்டார்கள். "பச்சையா இருக்கு. சத்தந்தான் ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு, வந்த நாளெல்லாம் தூங்கினான். புஷ்பம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரும் கூடிப் பேசிய பேச்சு மொத்தம் எவ்வளவு என்று பிற்பாடு அவள் யோசித்துப் பார்த்தபோது, மிகவும் கொஞ்சமாக இருந்தது.

அவன் ஆகாயத்தில் தென்பட்டபிறகுதான் சர்க்கார் தந்தி வந்தது. பர்மா எல்லையில் குண்டு போடப் போனபோது விமானத்திலிருந்து தவறி விழுந்துவிட்டான், ஆளைக் காணவில்லை என்று அதில் இருந்தது. "யாரு காணலன்னது? எங்களுக்குத் தெரியுதே," என்று தபால்காரரிடம் அன்னபாக்கியம் சண்டைக்குப் போனாள். தபால்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, நான் இதை மேலே தெரிவிக்கிறேன் என்றார். பிறகு ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார், பார்த்தார், உடுப்பும் பூட்ஸும் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் செத்தவன், பிடிபட்டவன், காணாமல் போனவன், ஓடிப்போனவன் என்ற நாலு வகைக்குள் வந்துகொண்டிருப்பவன் என்று ஒரு வகை இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். அதற்குள் சண்டை முடிந்தது. பிறகு வெள்ளைக்காரனே போனான், கொடி மாறியது, சிகாமணி மட்டும் பழைய ராஜாவின் உடுப்பிலேயே இறங்கிக்கொண்டிருந்தான்.

பர்மாவில் விழுந்தவன் இங்கே எப்படி வந்தான் என்று யாரும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பூமி சுற்றுகிறது, அவனோ மெதுவாக விழுகிறான், ஊர்தான் போய் அவனுக்கு அடியில் நின்றுகொண்டது என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். அப்படியானால் ஊர் ஏன் நகராமல் நிற்கிறது என்று ஒருத்தன் கேட்டதற்கு, வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊருக்கு வேறு கவலைகள் இருந்தன. கோயிலில் அவனை யாரோடு சேர்த்து ஜெபிப்பது? இறந்தவர்களோடா, நோயாளிகளோடா? உபதேசியார் ஏசுவடியான் ஒரு வாரம் யோசித்து, தரையிலும் தண்ணீரிலும் பிரயாணம் பண்ணுகிறவர்களுக்கான ஜெபத்தில், ஆகாயத்திலும் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார். மரம் மட்டை இல்லாத உப்பளத்தில் ஒரு ஆள் நிழல் என்பது சின்ன விஷயமில்லை. மத்தியானம் கஞ்சி குடிக்கிறவர்கள் முறை வைத்துக்கொண்டு அவன் நிழலில் உட்கார்ந்தார்கள். "சிகாமணி புண்ணியத்துல ரெண்டு வாய் நிம்மதியா எறங்குது," என்றார்கள். அவன் கொஞ்சம் தாழ்ந்ததும் முழங்கால் மடிப்பில் மைனா ஜோடி ஒன்று கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. வெளியூர் ஆட்கள் வந்து வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து ஊர்ப்பிள்ளைகள் சிரித்தன. அந்தப் பிள்ளைகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மேகம், காக்கை, சிகாமணி மாமா மூன்றும் மேலேதான் இருந்தன.

புஷ்பத்தின் பாடுதான் இரண்டுங்கெட்டானாக இருந்தது. தாலி கழுத்தில் கிடந்தது, கட்டியவன் தலைக்கு மேல் கிடந்தான். கல்யாண வீட்டில் முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்று அவளுக்கும் தெரியவில்லை, அழைத்தவர்களுக்கும் தெரியவில்லை. ஆனாலும் அவள் துக்கப்படவில்லை. இவ்வளவு மெதுவாக வருகிறவன் பஞ்சு மாதிரி வந்து இறங்குவான், எழுந்து உடுப்பைத் தட்டிக்கொள்வான், பசிக்கிறது என்பான் என்று அவள் முழுசாக நம்பினாள். நம்பி, அவனுக்கென்று ஒரு கோழியை அடிக்காமல் வளர்த்தாள். அது கிழடு தட்டியதும் இன்னொன்றை வளர்த்தாள். இனிமேல் நிறையப் பேச வேண்டும் என்று வைத்திருந்தாள்.

பருந்து வட்டமிடுகிற உயரத்துக்கு அவன் வந்தபோது, மேலே சங்கு ஊதுவதுபோல் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. காற்று அடங்கினால் நன்றாகக் கேட்டது. இரவும் பகலும் ஒரே சுரம். உபதேசியார்தான் அது சங்கல்ல, மனுஷக் குரல், சிகாமணி ஏதோ சொல்கிறான், 'வா' என்ற எழுத்தில் நிற்கிறான் என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து வெள்ளாங்கரையில் வேறு பேச்சில்லை. வானத்தின் தேவனே என்று ஜெபம் பண்ணுகிறான் என்றார் உபதேசியார். வாத்தியாரைக் கூப்பிடுகிறான் என்றார் வாத்தியார். "வாளமீனுக்கு அலையுதான்லா, கூறுகெட்ட பய," என்று அன்னபாக்கியம் கண்ணீர் விட்டாள். கூப்பிடுவது தன்னைத்தான் என்று புஷ்பத்துக்குத் தெரியும். வா என்கிறான். நீங்க அங்க இருந்துக்கிட்டு வா வான்னா நான் எப்படிய்யா வர என்று பாத்தி வரப்பில் உட்கார்ந்து மனசுக்குள் கேட்டாள், கேட்டுவிட்டு வெட்கப்பட்டாள்.

ஐப்பசி மழைக்கு அளம் மூடியிருந்த நாளில் சுரம் மாறியது. 'ரே' என்றது. மழை விட்டு, பாத்தி சீராக்கி, கடல் தண்ணீர் பாய்ச்சி, முதல் உப்பு பூக்கிற வரைக்கும் 'ரே' என்றே இருந்தது. பிறகு மூக்கில் போய் மெல்ல அடங்கியது. வாரேன். ஊரே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தது. வாரேன்! வேதக்கண் முதலாளி வேட்டு வாங்கிவரச் சொன்னார். புஷ்பத்தைக் கட்டிப்பிடித்து எல்லாப் பெண்களும் அழுதார்கள். உபதேசியார் மட்டும் வேட்டுச் சத்தம் ஓய்ந்தபின் தலையைச் சொறிந்தார்.

"வீட்டுக்கு வாரவனும் வாரேன்னுதான் சொல்லுவான். வீட்ட விட்டுப் போறவனும் வாரேன்னுதான் சொல்லுவான். போறேன்னு நம்மூர்ல எவன் சொல்லுதான்? இவன் சொன்னது எந்த வாரேன்?"

"ஐயா, நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவுங்க," என்றாள் புஷ்பம். பெரியவர்களிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தக் கோடையில் அவனுடைய தண்ணீர்க் குடுவை வந்து சேர்ந்தது. அவன் இடுப்பிலிருந்து கழன்று, அவனுக்குக் கொஞ்சம் முந்தி, அவனைப் போலவே நிதானமாக வந்துகொண்டிருந்த தகரக் குடுவை அது. அவனைத் தாங்குவதற்கு ஊரார் செய்திருந்த ஏற்பாட்டுக்கு இது ஒரு ஒத்திகையாக இருக்கட்டும் என்று, கரைவலையை நாலு மடிப்பாகக் கட்டி, அதற்கடியில் இலவம்பஞ்சு மெத்தைகளைப் போட்டு, அதற்கடியில் வைக்கோலைக் குவித்தார்கள். குடுவை வலையில் பட்டது. வலை தொய்ந்தது, பிறகு கண்ணி கண்ணியாக, ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல், அறுந்தது. மெத்தையைப் பிளந்தது. வைக்கோலைப் பிளந்தது. பாரக்கட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டை விரிந்தது. ஆட்கள் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தார்கள், கயிறு போயிற்று. கடைசியில் தரையைத் தொட்டு, ஒரு வாரம் முழுக்க ஊர் பார்த்திருக்க, அது நசுங்கியது. ஓரம் மடங்கியது, வயிறு ஒட்டியது, பற்றவைத்த மூட்டு பிரிந்தது, உள்ளேயிருந்த பர்மாத் தண்ணீர் ஒவ்வொரு துளியாக வெளியே வந்து நின்று நின்று சிதறியது.

"மெதுவெல்லாம் நமக்குத்தான். அதுக்கு இல்ல," என்றாள் அன்னபாக்கியம்.

அதற்கு மேல் யாரும் விளக்கவில்லை. புஷ்பம் வீட்டுக்குப் போய்க் கோழியை அடித்துக் குழம்பு வைத்து மாமியாருக்குப் போட்டாள். தான் சாப்பிடவில்லை. அவன் சாகத்தான் வந்துகொண்டிருக்கிறான், கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறான், பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

அவன் பனை உயரத்துக்கு வந்திருந்த சமயத்தில்தான் மேனன் வந்தார். சிகாமணியோடு பறந்த விமானி அவர், பாலக்காட்டுக்காரர், ஒரு காலைச் சாய்த்து நடந்தார். ஊர் எல்லையிலிருந்தே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தவர், அடியில் வந்ததும் விறைப்பாக நின்று சலாம் வைத்தார். பிறகு உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதார். தண்ணீர் கொடுத்தார்கள்.

"விமானத்துல நாங்க முதுகுக்கு முதுகு உட்காருவோம். நான் முன்னாடி பாப்பேன், அவன் பின்னாடி பாப்பான். அவன் முகத்த நான் வானத்துல பார்த்ததே இல்ல," என்றார் புஷ்பத்திடம். "குண்டு போட்டுட்டு நான் மேல ஏறிடுவேன். விழுந்த இடம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. அவன்தான் பாப்பான். ஜப்பான்காரன் முகாம்தான். ஆனா பக்கத்துலயே ஊர் இருக்கும், வயல் இருக்கும், ஆளுங்க ஓடுவாங்க. ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது அவன் ஒரு வார்த்த சொல்லுவான், என் காதுல கேக்கும். வாரேன். அவ்வளவுதான். நான் முதல்ல நினைச்சேன், திரும்பவும் வந்து போடுவேன்னு மிரட்டுறான்னு. மறுநாள் போடவும் போடுவோமே."

மேனன் இன்னொரு வாய் தண்ணீர் குடித்தார்.

"ஒருநாள் கேட்டேன், யாருக்குடா சொல்றேன்னு. கீழ இருக்கவங்களுக்குத்தான் சார்னான். ஒரு எடத்துக்கு வந்துட்டுச் சொல்லாமப் போனா எப்படி சார், நீங்க முன்னாடி பாக்கீங்க, அவங்களக் கடைசியாப் பாக்கது நான்தானன்னான். சரி, சொல்லித் தொலை, பெல்ட்ட ஏன் கழட்டுறேன்னேன். ஏன்னா சொல்றதுக்கு முன்னாடி பெல்ட்டக் கழட்டிட்டு எந்திரிப்பான். எத்தன தடவ திட்டியிருக்கேன்!" மேனன் மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். "ஒக்காந்துகிட்டே சொன்னா மரியாத இல்ல சார், எங்கூர்ல எந்திரிச்சு நின்னுதான் சொல்லணும்னான். அன்னைக்கும் எந்திரிச்சிருக்கான். பக்கத்துல ஒரு குண்டு வெடிச்சது, விமானம் புரண்டுச்சு. திரும்பிப் பாத்தா சீட்டு காலி."

ஆக, மழையிலும் வெயிலிலும் ஊர் காது கொடுத்துக் கேட்ட சொல், வேட்டுப் போட்டுக் கொண்டாடிய சொல், ஊருக்குச் சொன்னதே இல்லை. பெயர் தெரியாத பர்மாக்காரர்களிடம், அவர்கள் வீட்டில் குண்டு போட்ட கையோடு, எழுந்து நின்று விடைபெற்ற சொல். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தூக்கி எறியப்பட்டு, மீதியைச் சொல்லிக்கொண்டே விழுந்திருக்கிறான். வெள்ளாங்கரைக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. சிலர் கொஞ்ச நாள் அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அவன் நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆள் இல்லை. எழுந்து நிற்காதவனாக வளர்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்று அன்னபாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு, அப்படி வளர்த்திருந்தால் நாலு பேர் என்னைக் காறித் துப்பியிருப்பார்கள் என்றும் சொன்னாள்.

புஷ்பத்துக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் வலித்தது. அவள் மூன்று நான்கு நாள் யாரோடும் பேசாமல் உப்பு வாரினாள். பிறகு வேதக்கண் முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மொதலாளி, எனக்குப் பரண் கட்டணும். சவுக்குக் கம்பு வேணும்."

"எதுக்கும்மா பரண்?"

"அவிய மூஞ்சிக்கு மேல. அவிய மேல பாத்துல்லா வாராவ. அடியில நின்ன நமக்கு முதுவுதான் தெரியுது, நம்மள அவியளுக்குத் தெரியவே தெரியாது." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தச் சொல்லு எனக்கில்ல. சரி, போவட்டும். பார்வையாவது எனக்கு வேணும். சாவறதுக்கு முந்தி என்னப் பாத்துட்டுச் சாவட்டும்."

வாத்தியார் அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவன் காலம் வேறு, நம் காலம் வேறு. நீ ஒருநாள் அவன் முன்னால் நின்றால் அவனுக்கு அது ஒன்றுமே இல்லை, கொசு பறந்தது மாதிரிகூட இல்லை. அவன் கண்ணில் ஒரு இமைப்பு நேரம் நீ பட வேண்டுமென்றால் மாதக்கணக்காக ஒரே இடத்தில் முகத்தை வைத்திருக்க வேண்டும். "வச்சிருக்கேன்," என்றாள் புஷ்பம்.

பரண் எழும்பியது. நாலு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, அவன் முகத்துக்கு ஒரு கை உயரத்தில் பனை நார்க் கட்டில் ஒன்றைக் கட்டி, முகம் வைக்கிற இடத்தில் நாரை அறுத்துவிட்டார்கள். அவள் அதில் கவிழ்ந்து படுத்தாள். படுத்து, தன் புருஷன் முகத்தை இத்தனை வருஷத்துக்குப் பிறகு பார்த்தாள். ஒரு வயதும் கூடவில்லை. இவளுக்குத்தான் காதோரம் நரைத்திருந்தது. அவன் கண்கள் இவளைத் தாண்டி, இவள் முதுகைத் தாண்டி, எங்கோ உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வையில் இருந்த பயத்தை அவள் அதற்கு முன் அவனிடம் கண்டதில்லை.

பனிக்காலம் போயிற்று. தேவைக்கு மட்டும் இறங்கி, ஓட்டமாகப் போய் ஓட்டமாக வந்து, மறுபடி அதே துவாரத்தில் அதே இடத்தில் முகத்தை வைத்தாள். மாமியார் ஏணியில் ஏறி வந்து பக்கவாட்டில் ஊட்டிவிட்டாள். அவன் தாழத் தாழ ஆட்கள் வந்து கம்புகளின் காலை ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று அறுத்துப் பரணை இறக்கினார்கள், பேசாமல் செய்தார்கள், முடிந்ததும் அடியில் புது உப்பைக் குவித்து மிருதுவாக்கிவிட்டுப் போனார்கள். உப்பு ஒன்றையும் தாங்காது என்று அவர்களுக்குத் தெரியும். கன்னத்தில் நார் பதிந்து, கழுத்து பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வற்றிப்போனபோதும் புஷ்பம் முகத்தை எடுக்கவில்லை. ஒருநாள் அவன் கண்ணின் கருப்பு நகர்ந்திருப்பதுபோல் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பங்குனியில் அது நிச்சயமாயிற்று. உயரத்திலிருந்து கிளம்பிய பார்வை, ஊர்ந்து ஊர்ந்து, அவள் நெற்றிக்கு வந்து, அவள் கண்ணுக்கு வந்தது.

வந்து நின்றது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை அவள் வாரக்கணக்கில் பார்த்தாள். ஆச்சரியம் வருவதைப் பார்த்தாள். சிரிப்பு என்று சொல்ல முடியாது, சிரிப்புக்கு முந்தின ஒன்று. பிறகு உதடுகள் கூடத் தொடங்கின. ஊர் மறுபடியும் கூடியது. பிதாவே என்கிறான் என்றார் உபதேசியார். போறேன் என்று சொல்லப் பார்க்கிறான் என்றான் ஒருத்தன். புஷ்பம் என்றுதான் வேறென்ன என்றார்கள் பெண்கள்.

"எல்லாரும் வாய மூடுங்கல," என்றாள் அன்னபாக்கியம். "ஏட்டி, நீ மூஞ்ச எடுக்காத."

உதடுகள் கூடி முடிந்த அன்று அவன் முதுகு உப்பைத் தொட்டது. உப்பு விலகியது. குடுவை நசுங்குவதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள், பிறகு வீட்டுக்குப் போனார்கள், உபதேசியாரும், அன்றிலிருந்து ஊரிலேயே தங்கிவிட்ட மேனனும் மட்டும் தூரத்தில் நின்றார்கள். புஷ்பம் அவன் கண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அடியில் உப்பு சிவப்பது ஓரக்கண்ணில் தெரிந்தும் அங்கே போகவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மத்தியானம், அவன் கண்ணில் இவள் இருந்த இடம் சும்மா வெறும் கண்ணாக ஆயிற்று.

அந்தக் கணமே அவன் ஊரின் காலத்துக்கு வந்துவிட்டான். கால்களும் கைகளும் சடாரென்று உப்பில் விழுந்தன. கடல் காற்றுக்கு அவன் சட்டைக் கை, கொடியில் காயும் எந்தச் சட்டையையும்போல, படபடவென்று அடித்தது. புஷ்பம் பரணிலிருந்து இறங்கினாள், முழங்கால் மடங்கவில்லை, பாதி தூரம் விழுந்துதான் இறங்கினாள். தவழ்ந்து போய் அவன் கையைப் பிடித்தாள். பிடித்தவள் திடுக்கிட்டாள். இத்தனை வருஷமாக ஊர் அவனுக்காக அழுது முடித்து, ஏமாந்து, கோபப்பட்டு, ஆறிப்போயிருந்தது. அவன் கை ஆறவில்லை.

"அத்த," என்று அவள் அளமே அதிரக் கத்தினாள். "வெரசா வாங்க அத்த, வந்து பிடிங்க. இன்னும் சூடா இருக்கு."